வரையப்படாத முக்கோணம்

மார்ச் 3

அக்காவுக்கு,

நான்தான். உறை மேல இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். போன் பண்ணியிருக்கலாம். ஆனா நாம போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷத்துல யாராவது ஒருத்தர் வச்சிடுறோம். கடிதத்துல அந்த வசதி இல்லை. கோபத்துல தூக்கிப் போட்டாலும் அது மேசைக்கடியில கிடந்துக்கிட்டு மறுபடி எடுத்துப் படின்னு சொல்லும். அதனால ஒன்றரை வருஷம் கழிச்சு இது.

போன மாசம் நீ எழுதின தூரிகை மென்பொருளுக்கு ஒரு புகார் வந்திருக்கும். ஒரு கட்டுப்பாட்டு அறையில எச்சரிக்கை முக்கோணம் திரையில வரலன்னு. பத்தே நிமிஷத்துல பதில் போட்ட. "இது கிராபிக்ஸ் டிரைவரின் பிழை. நம்முடையது அல்ல." அதோட புகாரை மூடிட்ட. அந்தப் புகாரை எழுதினது நான். ஆபீஸ் பேர்ல போட்டதால உனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷத்துலயே மூடியிருப்பியோ என்னவோ.

நடந்ததைச் சொல்லிடறேன். எங்க ஊர்க் குடிநீர் நிலையத்துல தொட்டி, குழாய், பம்பு எல்லாத்தையும் திரையில காட்டுற நிரலை நான்தான் எழுதினேன். உருவங்களை வரையற வேலை மட்டும் உன் தூரிகையோடது. ஜனவரி 28, காலை பத்து நாற்பத்திரண்டு. ரெண்டாவது நீர்த்தேக்கத்துல தண்ணி விளிம்பைத் தாண்டிடுச்சு. அப்ப திரையில சிவப்பு முக்கோணம் வரணும். சத்தம் போடுற மணி ரிப்பேருக்குப் போயிருந்தது, அதனால கண்ணுதான் கதி. பம்பு இன்னும் ஐம்பது நிமிஷம் ஓடிக்கிட்டே இருந்தது. வழிஞ்ச தண்ணி சரிவுல இறங்கி நூலகத்தோட அடித்தளத்துக்குள்ள புகுந்துடுச்சு. நாலாயிரம் புத்தகம் ஊறிப் போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடிபடல.

அன்னைக்கு அந்தத் திரை முன்னாடி இருந்தவரை நாங்க எல்லாரும் மீசைன்னு சொல்வோம், நேர்ல அண்ணே. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "முக்கோணம் வரலம்மா. வந்திருந்தா நிறுத்தியிருப்பேன்." மறுநாள் அதிகாரிகள் அதே சீட்டுல சோதனை எச்சரிக்கை போட்டுப் பார்த்தாங்க. முக்கோணம் ஜம்முன்னு வந்தது. என் நிரலோட பதிவேட்டுலயும் "காட்டப்பட்டது"ன்னுதான் இருக்கு. ஒண்ணு தூங்கியிருக்கார், இல்ல பொய் சொல்றார்னு முடிவு கட்டிட்டாங்க. சஸ்பெண்ட். ஏப்ரல் 21 விசாரணை.

நான் எழுதின நிரல் காட்டினேங்குது. அவர் காட்டலங்கிறார். அவரை எனக்கு ஆறு வருஷமா தெரியும். டீ குடிக்கப் போனா கூட எத்தனை மணிக்குப் போனேன்னு குறிச்சு வைக்கிற மனுஷர். எனக்கு என் நிரல் மேலதான் சந்தேகம். அதுல நான் எழுதின பக்கத்தை நாலு தடவை பார்த்துட்டேன். மிச்சம் இருக்கிறது உன் பக்கம்.

இன்னொரு தடவை பாரு. தங்கச்சிங்கிறதுக்காக வேண்டாம். அந்த மனுஷருக்காக.

சின்னவள்


மார்ச் 10

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அத்தான்தான் வாங்கி வைத்தார். யாருக்கோ பல் செட்டு வார்த்துக்கொண்டிருந்த கையோடு வாங்கியதால் உறை முழுக்க வெள்ளை மாவு. உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. நான் இன்னொரு கீபோர்டை எடுத்துக்கொண்டேன்.

புகாரைப் பத்து நிமிடத்தில் மூடினேன் என்கிறாய். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் ஒன்பது வருடம் இருக்கிறது. தூரிகை நேராகத் திரையில் வரைவதில்லை. "இந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவில் சிவப்பை நிரப்பு, ஓரத்தைக் கரை" என்று உத்தரவு எழுதுகிறது. வரைவது கிராபிக்ஸ் சிப். நடுவில் இருந்துகொண்டு என் உத்தரவைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். சிப் செய்கிற ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு டிரைவர் எழுதிக்கொள்கிறார்கள். நான் வட்டம் என்றால் ஒருவருடையது முட்டை போடும். நான் கோடு என்றால் இன்னொருவருடையது பாதியில் நிற்கும். இந்த ஒன்பது வருடத்தில் இப்படி எத்தனையைத் துரத்தித் துரத்திச் சரி செய்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நாற்பத்தோரு வடிவங்கள். இன்று அறுநூறு நிரல்களுக்கு மேல் அவற்றை வைத்து வரைகின்றன. முக்கோணம்தான் நான் முதலில் எழுதியது. அது தப்பாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா வீட்டில் அத்தனை பேர் கூடியிருந்தபோது, "நல்ல வேலையை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்து கட்டமும் வட்டமும் போட்டுக்கிட்டிருக்கா" என்று சொல்லிச் சிரித்தாய். எல்லாரும் கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். சரி. இப்போது ஒரு முக்கோணத்துக்காக நீ எனக்கு எழுத வேண்டி வந்திருக்கிறது.

இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் அறையில் எல்லாத் திரைக்கும் ஒரே மாதிரிக் கணினிதானா? அந்த மனிதர் அன்று என்ன பார்த்தார் என்பதைச் சரியாகச் சொல்வாரா? வரவில்லை என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது. வேறு என்னென்ன வந்தது, எங்கே வந்தது என்று தெரிய வேண்டும். அப்புறம், உங்கள் அலுவலகத்தில் தூரிகையைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யார்?

அக்கா


மார்ச் 16

அக்கா,

உன் கடிதம் நகராட்சி அறிவிப்பு மாதிரியே இருந்தது, கீழ முத்திரை மட்டும்தான் இல்லை. பரவாயில்லை, கேள்வி கேட்டிருக்கியே.

பதினோரு சீட்டு. டிசம்பர்ல பழைய கணினி எல்லாத்தையும் எடுத்துட்டு, திரைக்குப் பின்னாடியே திருகி வைக்கிற சின்னப் பெட்டி போட்டாங்க. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். பதினொண்ணும் ஒரே ரகம், ஒரே சிப்.

சித்தப்பா வீட்டுல நான் சொன்னது தப்புதான். அதைப் பத்தி இப்ப எழுதினா இந்தக் கடிதம் முடியாது. முதல்ல இவரைப் பார்ப்போம்.

ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மூணாவது மாடி, படியில கைப்பிடி ஆடுது. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துட்டு, தினமும் டூட்டிக்குப் போற நேரத்துக்குக் குளிச்சு முடிச்சு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, ஜன்னல்கிட்ட வந்து உட்கார்ந்துக்கிறார்னு மெதுவா சொன்னாங்க. உள்ள போனா அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாம.

நீ கேட்டதைக் கேட்டேன். சொல்றதுக்குப் பதிலா ஒரு பழுப்பு உறையைக் கிழிச்சு விரிச்சு, பேனாவை எடுத்து அன்னைக்குப் பார்த்த திரையை வரைய ஆரம்பிச்சார். முக்கால் மணி நேரம். தொட்டி அஞ்சு, பம்பு ஏழு, எது ஓடுது எது நிக்குது, ஒவ்வொரு தொட்டியிலயும் தண்ணி எத்தனை அடி, எல்லாம். நான் பதிவேட்டோட ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எண் கூட மாறல. முக்கோணம் வர வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையா விட்டு, அதைச் சுத்தி லேசா ஒரு கோடு போட்டார். "இங்க வந்திருக்கணும். வரல."

கிளம்பும்போது, "எனக்காக எதையும் சேர்த்துச் சொல்லிடாதம்மா"ன்னார். அவ்வளவுதான் கேட்டார்.

படத்தை இதோட வச்சிருக்கேன். பத்திரம். ஒரே ஒரு இடத்துலதான் பிசகு. தொட்டியோட பேரை ரெண்டு வரியா எழுதிட்டார், "நீர்த்தேக்கம்" ஒரு வரி, "இரண்டு" அதுக்குக் கீழ. எங்க திரையில அது ஒரே வரி. ஞாபகம் கொஞ்சம் தடுமாறியிருக்கும். விசாரணைக் கமிட்டி கையில கிடைச்சா இதை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்களேன்னு பயமா இருக்கு.

சின்னவள்


மார்ச் 22

சின்னவளே,

அவருக்கு ஞாபகம் தடுமாறவில்லை.

படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து இரண்டு நாள் பார்த்தேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, "இவருக்கு என்னைவிட நிதானமான கை" என்றார். பல்லுக்குப் பல் அளவெடுக்கிற மனிதர், யாரையும் அப்படிச் சொல்ல மாட்டார்.

எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் அடுத்த வரிக்கு இறக்குவது தூரிகையின் வழக்கம். அதை எழுதியவள் நான். "நீர்த்தேக்கம் இரண்டு" எப்போது இரண்டு வரியாகும்? என் கணினியில் எழுத்து அளவை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்தேன். ஒன்றேகால் மடங்கில் ஒரே வரி. ஒன்றரை மடங்கில் உடைந்து, அவர் வரைந்த மாதிரியே அச்சாக நின்றது. "பம்பு" மட்டும் உடையாமல் இருக்கிறது. அவர் படத்திலும் உடையவில்லை. தான் கண்டதைத்தான் வரைந்திருக்கிறார், எழுத்துக்கு எழுத்து. இப்படி ஒரு சாட்சியை நான் பார்த்ததில்லை.

ஆக, அன்று அவர் திரையில் எல்லாமே ஒன்றரை மடங்காக இருந்திருக்கிறது. யார் ஏற்றினார்கள், எப்போது இறக்கினார்கள் என்று விசாரி. உன் சீட்டிலும் அதே அளவை வைத்துச் சோதனை எச்சரிக்கை போட்டுப் பார்.

என் கணினியில் ஒன்றரை மடங்கிலும் முக்கோணம் வருகிறது, கத்தியால் வெட்டின மாதிரி. அதனால் டிரைவர்தான் என்ற என் பேச்சில் மாற்றமில்லை. அந்தப் பெட்டி ஒன்று என் கைக்குக் கிடைத்தால் அதையும் நிரூபித்துத் தருவேன்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

உட்கார்ந்து படி.

நீ எழுதினபடியே கேட்டேன். ஜனவரி நடுவுல அவருக்குக் கண்ணாடி மாத்தச் சொல்லியிருக்காங்க. புதுக் கண்ணாடி வர மூணு வாரம் ஆகும்னு சொன்னதால, அதுவரைக்கும் எழுத்தைப் பெரிசா வச்சுக் கொடுன்னு பராமரிப்புக்காரர்கிட்ட கேட்டிருக்கார். அவரும் ஏத்திக் கொடுத்திருக்கார். தண்ணி வழிஞ்ச அன்னைக்கு மத்தியானமே இவரை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளை அந்த சீட்டுல போட்டாங்க இல்லையா, அந்த ஆள் "என்னடா இது பலகை எழுத்து மாதிரி"ன்னு உடனே பழைய அளவுக்கு இறக்கிட்டார். மறுநாள் அதிகாரிகள் வந்து பார்த்தது அந்தத் திரையை.

என் சீட்டுல அளவை ஒன்றரை ஆக்கினேன். சோதனை எச்சரிக்கை போட்டேன். தொட்டி வந்தது, பம்பு வந்தது, எண்கள் வந்தது. முக்கோணம் வரல, அக்கா. அவர் கோடு போட்டு விட்டிருந்த அதே இடம், வெறும் சாம்பல் நிறம். என் நிரல் கீழ "காட்டப்பட்டது"ன்னு பதிவு பண்ணிட்டுப் போகுது, வெட்கமே இல்லாம. அறையில இருந்த எல்லாரும் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னுட்டாங்க. அவருக்குப் பதிலா அந்த சீட்டுக்கு வந்தவர், "நானும் அவரைச் சந்தேகப்பட்டேனே"ன்னார்.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். முடியல. தலைமைப் பொறியாளர் பார்த்தார். இது இன்னைக்கு வரல, அன்னைக்கும் இதே காரணத்தாலதான் வரலன்னு யார் எழுதிக் கொடுப்பாங்கன்னு கேட்டார். காரணம் தெரியாம கமிட்டி கையெழுத்துப் போடாதாம். பெட்டி கொடுத்தவங்களைக் கூப்பிட்டார். அவங்க வந்து, எங்க சிப்புலயும் டிரைவர்லயும் ஒரு கோளாறும் இல்லை, வரையற மென்பொருள்தான் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீ டிரைவர்ங்கற. அவங்க தூரிகைங்கறாங்க. ரெண்டு பேரும் கையைத் தட்டி உதறிக்கிட்டு நிக்கிறீங்க, நடுவுல இஸ்திரி போட்ட சட்டையோட அவர் உட்கார்ந்திருக்கார்.

உபரியா இருந்த பன்னிரண்டாவது பெட்டியை உனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நாலு கையெழுத்து வாங்கி, நாளைக்குப் பார்சல்ல வருது.

தூரிகையைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாருன்னு கேட்டிருந்தியே. நான்தான். மூணு வேற மென்பொருள் பட்டியல்ல இருந்தது. நான்தான் தூரிகை வேணும்னு நின்னேன். யார் எழுதினதுன்னு கேட்டாங்க. சொல்லல. அக்கான்னு சொல்லித் தேர்ந்தெடுக்க வைக்கிறதுல எனக்கு இஷ்டமில்லை. அது தானா ஜெயிக்கட்டும்னு நினைச்சேன். ஜெயிச்சது. சித்தப்பா வீட்டுல வாயைவிட்டதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நடந்தது இது. வீட்டுக்குப் போய் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன், சொல்லாமயே நாள் ஓடிப்போச்சு. அன்னைக்கு ஏன் அப்படிப் பேசினேன்னு இன்னைக்கும் எனக்கே தெரியல. எல்லாரும் என் வேலையைப் புகழ்ந்துக்கிட்டிருந்தாங்க, நீ ஓரமா உட்கார்ந்திருந்த. அதுல பாதி உன் வேலைன்னு சொல்ல மனசு வரல. அதான் நிஜம்.

சின்னவள்


ஏப்ரல் 8

சின்னு,

பெட்டி வந்தது. உன் கடிதமும். அதுக்குப் பதில் அப்புறம் எழுதறேன், எழுதினா கண்ணு மறைக்குது. முதல்ல முக்கோணத்தைச் சொல்லிடறேன்.

பெட்டியை மாட்டி ஒன்றரை மடங்கு வச்சேன். முக்கோணம் காணோம். உண்மையைச் சொல்றேன், எனக்கு அப்ப சந்தோஷமா இருந்தது. பார்த்தியா டிரைவர்தான்னு. அந்த டிரைவர்காரங்களுக்கு நாலு பக்கத்துக்கு ஒரு புகார் எழுதினேன், நல்லா சூடா. விதிப்புத்தகத்துல இருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு வாயை அடைச்சிடலாம்னு புத்தகத்தைத் திறந்தேன். எல்லா டிரைவரும் எப்படி நடந்துக்கணும்னு எழுதி வச்சிருக்கிற புத்தகம் அது. எனக்குத் தேவையான வரி கிடைச்சது. அது எனக்கு எதிரா இருந்தது.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன், கமிட்டிக்கும் நீ இப்படியே சொல்லலாம். முக்கோணத்தோட ஓரம் ரம்பம் மாதிரி தெரியக்கூடாதுன்னா சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கணும். "இந்த எல்லையில இருந்து அந்த எல்லை வரைக்கும் கரை"ன்னு சொல்லணும். ரெண்டு எல்லை. உருவம் பெரிசாயிட்டா கரைக்கத் தேவையில்லை, வேகமா முடியட்டும்னு நான் ரெண்டு எல்லையையும் ஒரே இடத்துல வச்சிருந்தேன். அதாவது, இங்க இருந்து இங்கேயே வரைக்கும் கரைன்னு சொல்லியிருக்கேன். என் கணினியோட டிரைவர், சரி இவ கரைக்க வேண்டாங்கறான்னு தானா புரிஞ்சுக்கிட்டு ஒழுங்கா வரைஞ்சது. உங்க பெட்டி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கு. பூஜ்யத்தால வகுக்கிற கணக்கு. விடை இல்லை. அதனால எதையும் வரையல. புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா, ரெண்டு எல்லையும் ஒண்ணா இருந்தா என்ன விடை வரும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது, அப்படிக் கேட்காதேன்னு.

டிரைவர் தப்பு செய்யல. விடையில்லாத கேள்வியைக் கேட்டது நான். என் கணினி இத்தனை நாளா எனக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருந்தது. வட்டத்துக்கும் கட்டத்துக்கும் வேற வழியில எழுதியிருந்தேன், அதனால அது ரெண்டும் தப்பிச்சது. முக்கோணம், நான் முதல்ல எழுதினது, தப்பாதுன்னு உனக்கு எழுதினேனே, அதுலதான்.

சூடான நாலு பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன்.

திருத்தம் ரெண்டே வரி. எல்லை ரெண்டும் ஒண்ணாயிட்டா யாரையும் கேட்காம, உள்ளே இருக்கிறதுக்குச் சிவப்பு, வெளியே ஒண்ணுமில்லைன்னு நானே சொல்லிடறேன். ஆனா ரெண்டு வரியோட எழுந்திருக்க மனசு வரல. இன்னும் எங்கெங்க இப்படிக் கேட்டு வச்சிருக்கேனோ. நாற்பத்தோரு வடிவத்தையும் வரி வரியா உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு இடத்துல மாட்டினேன். வளையம் முழுசா மூடிக்கிற இடத்துல ஒண்ணு. புள்ளிக்கோட்டோட நீளம் பூஜ்யமாகிற இடத்துல ஒண்ணு. அது ரெண்டையும் யாரும் இதுவரைக்கும் புகார் பண்ணல. எங்கேயோ யாரோ வெறும் திரையைப் பார்த்துட்டு, தன் கண்ணுதான் சரியில்லைன்னு போயிருப்பாங்க.

அப்புறம் வேற வேற சிப் தேட ஆரம்பிச்சேன். பக்கத்துத் தையல் கடையில பில் போடுற பழைய கணினி. அத்தான் தெரிஞ்ச பல் டாக்டர்கிட்ட எக்ஸ்ரே பார்க்கிறது. எதிர் வீட்டுப் பொண்ணு விளையாட்டுக்குன்னே வாங்கி வச்சிருக்கிறது. உங்க பெட்டியோட சேர்த்து ஏழு ரகம். சாப்பாட்டு மேசை நிறைஞ்சு போய் நாங்க நாலு நாளா தரையில உட்கார்ந்துதான் சாப்பிடறோம். ஏழுலயும் நாற்பத்தோரு வடிவத்தையும் எல்லா அளவுலயும் வரைய வச்சு, படம் பிடிச்சு, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட ஒரு நிரல் எழுதினேன். இனிமே தூரிகையில யார் என்ன மாத்தினாலும் இந்தச் சோதனையில தேறினாத்தான் வெளியே போகும். நேத்து சாயங்காலம் ஏழு திரையிலயும் ஒண்ணா முக்கோணம் வந்து நின்னது, சின்னு. ஒரே சிவப்பு, ஒரே ஓரம். தையல்காரர் தன் கணினியைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்தவர், அதைப் பார்த்துட்டு, "தச்ச மாதிரி இருக்கு"ன்னார். இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இப்படி ஒரு பாராட்டு கொடுத்ததில்லை.

உன் புகாரை மறுபடி திறந்தேன். எல்லாரும் படிக்கிற இடத்துல எழுதிட்டேன்: பிழை என்னுடையது, டிரைவர்மேல பழி போட்டது தவறு, இதனால ஒரு மனிதர்மேல அநியாயமா குற்றம் விழுந்திருக்குன்னு. அத்தான், "இவ்வளவும் எழுதத்தான் வேணுமா?"ன்னு கேட்டார். கடைசி வரியைத்தான் முதல்ல எழுதினேன்னு சொன்னேன். ரெண்டு நிறுவனம் தூரிகையை விட்டுடப் போறோம்னு சொல்லியிருக்கு. போகட்டும். அந்த டிரைவர் எழுதறவங்கள்ல ஒருத்தர், எங்களைத் திட்டாம வந்த முதல் கடிதம் இதுதான், சட்டம் போட்டு மாட்டப் போறோம்னு பதில் போட்டிருக்கார்.

கமிட்டிக்கு ஆறு பக்க அறிக்கை வச்சிருக்கேன், கையெழுத்தோட. ஒன்றரை மடங்கில் முக்கோணம் வராது, வந்திருக்கவே முடியாது, அவர் சொன்னது உண்மைன்னு முதல் பக்கத்துலயே இருக்கு. அவர் வரைஞ்ச படத்தையும் திருப்பி அனுப்பறேன். இதுதான் முதல் ஆதாரம்னு குறிச்சிருக்கேன்.

நீ தூரிகைக்காக நின்னதைப் பத்தி இன்னும் எழுத முடியல. கோபம் மட்டும் எங்க போச்சுன்னு தெரியல.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

முடிஞ்சது. அவர் ஜெயிச்சுட்டார். முதல்ல இதைச் சொல்லிட்டு அப்புறம் வரிசையா எழுதறேன்.

மாடியில நீளமான அறை. ஒரு பக்கம் கமிட்டி அஞ்சு பேர், இந்தப் பக்கம் நானும் அவரும், ரெண்டு திரை. அதே இஸ்திரி சட்டை. ஒரு திரையில பழைய தூரிகை, இன்னொண்ணுல உன் திருத்தம். ரெண்டும் ஒன்றரை மடங்கு. சோதனை எச்சரிக்கை போட்டேன். ஒண்ணு வெறுமை, ஒண்ணுல முக்கோணம் கண் சிமிட்டுது. அதுக்கப்புறம் அவர் வரைஞ்ச பழுப்பு உறையைப் பழைய திரைக்குப் பக்கத்துல பிடிச்சேன். தலைவர் எழுந்து வந்து, கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டார். "நீர்த்தேக்கம்"னு விரல் வச்சார், கீழ "இரண்டு"ன்னு விரல் வச்சார். திரும்பிப் போய் உட்காரும்போது அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டலுக்கே நான் அழுதிருப்பேன்.

உன் அறிக்கையைப் படிக்கச் சொன்னாங்க. எல்லையில்லாத எல்லைக் கதையை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். மணியை ரிப்பேருக்கு அனுப்பிட்டு மாத்து மணி வைக்காததையும் கேட்டாங்க. அது தலைமைப் பொறியாளர் பாடு, அவர் நெளிஞ்சார். முக்கோணம் நிஜமாவே வந்துச்சான்னு பார்க்காம "காட்டப்பட்டது"ன்னு என் நிரலைப் பதிவு பண்ண வச்சதையும் நானே சொல்லிட்டேன். நீ அவ்வளவு பெரிய இடத்துல ஒத்துக்கிட்ட பிறகு நான் மட்டும் ஒளிஞ்சுக்க முடியுமா.

கடைசியில கமிட்டியில ஒருத்தர் ஒரு கேள்வி போட்டார். பிழை என்னுதுன்னு எழுதினவங்களே ஒத்துக்கிறாங்க, அப்படின்னா இந்த மென்பொருளை இனிமே எப்படி நம்பறது, தூக்கிட்டு வேற போட வேண்டியதுதானேன்னு. நான் என்ன சொன்னாலும் அக்காவுக்குப் பரிஞ்சு பேசற மாதிரிதானே. அப்ப என் பக்கத்துல இருந்த இவர் எழுந்து, பேசலாமான்னு கேட்டார். அன்னைக்கு முழுக்க அவர் பேசினது இது மட்டும்தான்.

"ஐயா, முப்பத்தொரு வருஷமா அந்த அறையில இருக்கேன். எத்தனையோ பழுது பார்த்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் அது யாரோட தப்பும் இல்லைன்னுதான் முடியும். இது என்னோட தப்புன்னு பேர் போட்டு எழுதிக் கொடுத்தவங்களை இப்பதான் பார்க்கிறேன். எனக்கு அந்தத் திரையே போதும். அதுலயே வேலை பார்க்கிறேன்."

கேள்வி கேட்டவர் பேனாவை மூடிட்டார். தலைவர் என்னைப் பார்த்து, இதை எழுதின அம்மாவை உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டார். எழுந்து நின்னு சொன்னேன். அதுக்கு எழுந்து நிக்க வேண்டியதே இல்லை, ஆனா நின்னேன். "என் அக்கா. தூரிகை முழுக்க அவங்க எழுதினது. நான்தான் இங்க கொண்டு வந்தேன்."

சஸ்பென்ஷன் ரத்து. அவரோட பணிப் பதிவேட்டுல கறை இல்லைன்னு எழுத்துல கொடுத்துட்டாங்க. தூரிகை பதினோரு சீட்டுலயும் இருக்கும், உன் ஏழு திரைச் சோதனையை எங்க ஒப்பந்தத்துல ஒரு விதியாவே சேர்த்துட்டாங்க. இன்னைக்குக் காலையில டூட்டிக்கு வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருக்கார், ஆனாலும் எழுத்தைப் பெரிசாவே வச்சுக்கறேன்னுட்டார்.

சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். அன்னைக்கு அங்க இருந்த எல்லாருக்கும் சொல்லுங்கன்னு ஒண்ணு விடாம சொன்னேன். டிரைவர்னா பஸ் டிரைவரான்னு கேட்டார். மறுபடி முதல்ல இருந்து சொன்னேன்.

உன் சின்னு


ஏப்ரல் 29

சின்னு,

உன் கடிதத்தை அத்தான்கிட்ட படிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். அந்தப் பெரியவர் கமிட்டி முன்னாடி எழுந்து பேசின இடத்துல என்னால முடியல. மிச்சத்தை அத்தான் வாங்கிப் படிச்சார். சித்தப்பா எனக்கும் போன் பண்ணினார். முக்கோணம் சரியாயிடுச்சாமேன்னு, யாருக்கோ காய்ச்சல் விட்ட மாதிரி விசாரிச்சார்.

விட்டுட்டுப் போறோம்னு சொன்ன ரெண்டுல ஒருத்தர் திரும்பி வந்துட்டாங்க. இன்னொருத்தர் வரல. வரலன்னாலும் எனக்கு இந்த வாரம் நடை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கு. கடைக்குப் போனா தையல்காரர் என்னை, "ஏழு திரை அம்மா"ன்னு கூப்பிடறார். நானும் மறுப்பு சொல்லல.

அடுத்த வியாழக்கிழமை காலை பஸ்ல வர்றேன். பெட்டியை நானே கொண்டு வர்றேன், பார்சல் வேண்டாம். உன் வீட்டுல நாலு நாள் இருப்பேன், சண்டை வந்தாலும் கிளம்ப மாட்டேன். ஒரு நாள் மட்டும் அனுமதி வாங்கி என்னை உங்க அறைக்குள்ள கூட்டிட்டுப் போ. தொந்தரவு பண்ணாம அவருக்குப் பின்னாடி ஒரு நாற்காலி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பது வருஷமா வரைஞ்சுக்கிட்டிருக்கேன். அதை நம்பி வேலை பார்க்கிற ஒருத்தரை இன்னும் நேர்ல பார்த்ததில்லை.

அக்கா